கொம்பு, செதில், மூக்குத்துளை: இலங்கைப் பல்லிகளைப் பிரித்தறிந்த கதை

எங்கட வீடுகளில் நாலு பெயர் போதும்: பல்லி, அரணை, ஓணான், உடும்பு. சுவரில் ரியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிண்டால் பல்லி. வளவுக்குள் சருகுக்குள்ளால் பளபள எண்டு நெளிந்து ஓடினால் அரணை. கதியாலில் ஏறி நிண்டு தலையை ஆட்டினால் ஓணான். பெரிசா, நாக்கை நீட்டி நீட்டி வேலிக்கு அடியால் போனால் உடும்பு. இவ்வளவுதான் எங்கட விலங்கியல்.

இதைக் கேட்டால் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிற நண்பர்கள் சிரிப்பினம். ஆனால் யோசித்துப் பாருங்கோ. இந்த நாலு சொல்லும் இன்றைய விஞ்ஞானம் பிரித்து வைத்திருக்கிற நாலு பெரிய குடும்பங்களோடு அப்படியே பொருந்துகின்றன. கெக்கோனிடே, சின்சிடே, அகாமிடே, வரானிடே. லத்தீனில் நாலு, தமிழில் நாலு. எங்கட அம்மம்மாமார் நுணுக்குக்காட்டி இல்லாமலே குடும்பம் பிரித்து வைத்திருக்கினம்.

பிரச்சினை அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. இந்த நாலு சொல்லுக்குள் இலங்கையில் நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிந்தது யார்? எந்த அடையாளத்தை வைத்து? எதற்காக? கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற நாங்கள் இதற்குள் ஏன் தலையிடுகிறோம் எண்டு கேட்டால், இந்தக் கேள்விகளுக்கான பதில் முழுக்க வரலாறுதான் என்பதால்.

நாங்கள் முதலில் பார்த்த அடையாளங்கள்

தமிழில் பல்லியைப் பற்றிய பேச்சு மிகப் பழையது. சங்க அகப்பாடல்களிலேயே பல்லி சொல்லுகிற நிமித்தம் வருகிறது. பிரிந்து போனவன் வருவானா எண்டு தலைவி பல்லியின் ஒலியைக் காது கொடுத்துக் கேட்கிறாள். குறுந்தொகையில் ஒரு பாடலில் ஓணானின் முதுகை ஈர்வாளின் பல்லுக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. ஓணானின் பிடரியிலிருந்து முதுகுவழியே வரிசையாக நிற்கிற முள்ளுகளைக் கண்ணால் பார்த்த ஒருவர்தான் அப்படிச் சொல்ல முடியும். இன்றைக்கும் ஓணானை அறிய நூல்கள் சொல்லுகிற அடையாளங்களில் ஒன்று அந்த முள் வரிசைதான்.

பிறகு பஞ்சாங்கம் வந்தது. பல்லி சொல்லும் பலன், பல்லி விழும் பலன் எண்டு அதற்குத் தனிப் பக்கம் உண்டு. எந்தத் திசையில் சொன்னது, உடம்பில் எந்த இடத்தில் விழுந்தது என்பதெல்லாம் அதில் மிக நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆனால் விழுந்தது எந்தப் பல்லி என்பது அதற்குத் தேவையில்லை. அரணைக்கும் இதே கதிதான். அரணை கடித்தால் மரணம் என்றார்கள். பிறகு, கடிக்க வந்த அரணை வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும் என்றும் சொன்னார்கள். ஒன்றும் நடக்காததற்கு ஒரு விளக்கம் வேண்டுமே! அரணைக்கு நஞ்சு இல்லை என்பதுதான் உண்மையான விளக்கம்.

எங்கட முன்னோர் பார்க்கத் தெரியாதவர்கள் எண்டு இதிலிருந்து முடிவெடுக்கக் கூடாது. தேவை எங்கே இருந்ததோ அங்கே அவர்கள் பார்த்தார்கள். நிமித்தத்துக்கு ஒலியும் திசையும் தேவை, இனம் தேவையில்லை. எது தேவையோ அதற்கேற்றபடிதான் அடையாளம் கண்ணில் படும். பின்னால் வந்த வெள்ளைக்காரருக்கும் இது பொருந்தும்.

நொக்ஸ் எழுதிய இரண்டு உடும்புகள்

1660ஆம் ஆண்டு, திருகோணமலைக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் ஒரு ஆங்கிலக் கப்பல் வந்து நின்றது. கப்பற் தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸ் உட்படப் பலர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்துக்குள் வாழ்ந்த நொக்ஸ் 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1681இல் அவருடைய புத்தகம் லண்டனில் வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தில் இரண்டு உடும்புகள் வருகின்றன. ஒன்று கபரகொயா: பெரியது, புள்ளி போட்டது, தண்ணீரிலும் இறங்கும், பிணம் தின்னும், நாய் கிட்ட வந்தால் வாலால் சாட்டையடி கொடுக்கும், அதைச் சாப்பிட முடியாது. மற்றது தலகொயா: அதைவிடச் சிறியது, மரப்பொந்திலும் புற்றிலும் வாழும், இறைச்சிக்குப் பேர்போனது. சிங்களக் கிராமத்தவர்கள் சொல்லிக் கொடுத்ததை நொக்ஸ் எழுதி வைத்தார். அவர்களுக்கு இந்தப் பிரிவு தெரிய வேண்டியது கட்டாயம். ஒன்று சட்டிக்குப் போகிறது, மற்றது போகக் கூடாது. கபரகொயாவின் உடம்பிலிருந்து நஞ்சு தயாரிக்கலாம் என்ற நம்பிக்கை பின்னாளிலும் நீடித்தது.

நொக்ஸ் ஒரு இடத்தில் பிழை விட்டார். தலகொயா இலை குழை மட்டும் தின்னும் எண்டு எழுதிவிட்டார். உண்மையில் அது பூச்சி, நத்தை, முட்டை, சின்னப் பிராணிகள் என்று கிடைப்பதைப் பிடித்துத் தின்னும். ஆனால் இனம் இரண்டு என்பதில் அவர் பிழைவிடவில்லை. ஐரோப்பிய விஞ்ஞானம் இரண்டுக்கும் லத்தீன் பெயர் வைக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது. நீர் உடும்புக்குப் பெயர் வந்தது 1768இல், தரை உடும்புக்கு 1802இல்.

இன்று நீங்கள் ஒரு உடும்பைக் கண்டால் எப்படிப் பிரிப்பது? நிறத்தை நம்ப வேண்டாம். சேறு பூசினால் எல்லாம் ஒரே நிறம். மூக்குத்துளையைப் பாருங்கோ. மூக்கு நுனிக்குக் கிட்ட, வட்டமாக இருந்தால் அது நீர் உடும்பு, அதாவது கபரகொயா. கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையில், சாய்ந்த கீறல் மாதிரி இருந்தால் அது தரை உடும்பு. தண்ணீரில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்துகிற பிராணிக்குத் துளை நுனியில் இருப்பது வசதிதானே.

சாடிக்குள் போன ஓணான்

1758இல் சுவீடனில் கார்ல் லின்னேயஸ் தன்னுடைய பெயரிடல் நூலின் பத்தாவது பதிப்பை வெளியிட்டார். இன்றைய விலங்குப் பெயர்கள் அங்கிருந்துதான் கணக்கெடுக்கப்படுகின்றன. எங்கட வளவுப் பச்சை ஓணானும், மூக்கில் உருண்டையான குமிழும் தலையில் வீணை மாதிரி வளைந்த எலும்பு விளிம்பும் கொண்ட மலைக்காட்டு ஓணானும் அந்தப் பதிப்பிலேயே இருக்கின்றன. லின்னேயஸ் ஆசியாவுக்கு வந்ததே இல்லை. கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த சாடிகளையும் படங்களையும் வைத்துத்தான் இப்படிப்பட்ட தூரதேசத்துப் பிராணிகளுக்கு அவர் பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் இலங்கைக் கரையோரத்தை ஆண்டவர்கள் ஒல்லாந்தர்.

சாராயச் சாடிக்குள் போட்டால் ஓணானின் நிறம் போய்விடும். அதனால் அந்தக் காலத்து விஞ்ஞானிகள் செதிலை எண்ணத் தொடங்கினார்கள். செதில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காதுக்கு மேலே முள் எத்தனை, விரல் எத்தனை. வேறு வழி இல்லாமல் தொடங்கின பழக்கம்தான், ஆனால் அதுவே நல்ல முறையாகிவிட்டது. ஏனெண்டால் ஓணானின் நிறத்தை உயிரோடு இருக்கும்போதும் நம்ப முடியாது.

சோதித்துப் பார்க்க வேண்டுமெண்டால் எங்கட வேலிக்கே வாருங்கோ. அங்கே இரண்டு ஓணான் உண்டு. ஒன்று பச்சை ஓணான், கலோட்டஸ் கலோட்டஸ். மற்றது சாதாரண மண்ணிற ஓணான், கலோட்டஸ் வேர்சிகலர். பச்சையும் கோபம் வந்தால் கறுக்கும். மற்றதன் ஆண் இனப்பெருக்க காலத்தில் கழுத்து வரை சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் அதற்கு 'இரத்தம் உறிஞ்சி' எண்டு பெயர் வைத்தார்கள். ஓணான் யாருடைய இரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. காதுக்கு மேலே பாருங்கோ. சீப்பின் பல் மாதிரி முள்ளுகள் வரிசையாக நின்றால் அது பச்சை ஓணான், அன்று அது என்ன நிறத்தில் இருந்தாலும். தனித்தனியாக இரண்டு சின்ன முள் மட்டும் இருந்தால் அது மற்றது.

நிறம் மாறுவதைப் பார்த்து ஓணானைப் பச்சோந்தி எண்டு சொல்லுகிற பழக்கம் எங்களிடம் உண்டு. அரசியல் மேடைகளில் பச்சோந்தி என்ற சொல் படுகிற பாடு எல்லாருக்கும் தெரியும். ஆனால் உண்மையான பச்சோந்தி வேறு பிராணி. இலங்கையில் அது ஒரே ஒரு இனம், உலர்ந்த வலயத்தில் எப்போதாவது கண்ணில் படும். 1768இல் லோரென்டி என்பவர் அதற்கு வைத்த பெயரிலேயே 'சிலோன்' இருக்கிறது: கமலியோ செய்லானிக்கஸ். அதன் விரல்கள் குறடு மாதிரி இரண்டு கட்டாகப் பிரிந்து கிளையைப் பிடிக்கும். வால் சுருண்டு பிடிக்கும். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் தனித்தனியே சுழலும். இந்த மூன்றும் இல்லாட்டி அது பச்சோந்தி இல்லை, என்ன நிறம் மாறினாலும் சரி.

கோப்பிக் காலத்துக் கொம்புகள்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. 1840களில் கோப்பித் தோட்டம் என்பது ஒரு வெறி மாதிரிப் பரவியது. அதே காலத்தில்தான் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார் வழியாகக் கால்நடையாக மலைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் ஏராளம். இலங்கைப் பல்லிகளின் பெயர்ப்பட்டியல் வேகமாக நீண்டதும் இதே காலத்தில்தான். ஒரு புதுப் பாதை காட்டுக்குள் போனால் அதால் கோப்பியும் போகும், சேகரிப்பாளரும் போவார்.

இந்தக் காலத்து ஆட்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் எட்வர்ட் பிரெட்ரிக் கெலார்ட். 1819இல் இலங்கையிலேயே பிறந்தவர், இராணுவ வைத்தியர். 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். கண்டியின் பெயரைத் தாங்கிய ஒரு சின்னப் பகற்பல்லிக்கு, இன்றைய பெயரில் நெமாஸ்பிஸ் கண்டியானா, பெயர் வைத்தவர் அவர்தான். மற்றவர் ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1845 முதல் 1850 வரை குடியேற்ற நாட்டுச் செயலாளர். 1848 மாத்தளைக் கிளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட பெயராகத்தான் எங்கட வரலாற்றுப் பாடத்தில் அவரைத் தெரியும். ஆனால் 1861இல் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி ஒரு தடித்த புத்தகமும் எழுதினார். லண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் இருந்த ஜேர்மன்காரர் அல்பர்ட் குந்தர் அந்தப் புத்தகத்திலேயே ஒரு புதிய ஓணானுக்கு டென்னன்டின் பெயரை வைத்தார்.

அது கொம்பு ஓணான். செரட்டோபோரா என்ற இந்தப் பேரினம் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கிற கொம்புதான் அடையாளம். 1835இல் பெயர் பெற்ற ஸ்டொடார்டியின் கொம்பு வெள்ளை, கூர்மை, நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கக் குளிர்க்காடு அதன் இடம். டென்னன்டியின் கொம்பு தட்டையான சதை, இலை மாதிரி இருக்கும், நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டும் வாழும். 1864இல் குந்தர் பெயர் வைத்த அஸ்பெராவின் கொம்பில் கரடுமுரடான செதில் மூடியிருக்கும், அது தாழ்நில மழைக்காட்டில், சருகோடு சருகாகக் கிடக்கும். மூன்று கொம்பு, மூன்று மலைப்பக்கம், மூன்று பெயர்.

இந்தப் பெயர்களில் வெள்ளைக்காரர் இருக்கிறார்கள். பெயருக்குரிய மூலமாதிரிகளும் அந்தக் காலத்தவை பெரும்பாலும் லண்டனிலோ பேர்லினிலோ இருக்கின்றன. ஒரு இலங்கை மாணவி தன் ஊர்ப் பல்லி அதுதானா எண்டு உறுதிப்படுத்த விசா எடுத்துப் போக வேண்டிய நிலைமை இதிலிருந்து வந்ததுதான். காட்டுக்குள் கையால் பிடித்துச் சாடிக்குள் போட்டுக் கொடுத்தவர்களின் பெயரோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. தேயிலைத் தோட்டத்து வரலாற்றில் கொழுந்து பறித்த கைகளுக்கும் இதே கதைதான்.

1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. காடு திரும்பி வரவில்லை. கொம்பு ஓணான்கள் மலை உச்சிகளில் மிஞ்சிய காட்டுத் துண்டுகளுக்குள் ஒதுங்கின.

விரலை எண்ணிய தெரணியகல

கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் அங்கே பணிப்பாளராக இருந்த போல் தெரணியகல இந்தக் கதையின் திருப்பம். இலங்கையர் ஒருவர் இலங்கையிலேயே இருந்து, இலங்கைப் பிராணிகளை விவரித்து, மாதிரிகளை இங்கேயே வைக்கத் தொடங்கினார். 1953இல் வந்த அவருடைய நிறப்பட நூலில் ஓணானும் பல்லியும் அரணையும் அவர் கையாலேயே வரையப்பட்டிருக்கின்றன.

அவர் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கோ. 1944இல் ஒரு சின்னப் பகற்பல்லிக்கு 'பொடிஹூனா' எண்டு வைத்தார். சிங்களத்தில் சின்னப் பல்லி எண்டு அர்த்தம். மண்ணுக்குள் வாழுகிற ஒரு பாம்பரணைக்கு 1940இல் 'ஹிக்கனலா' எண்டு வைத்தார், அதுவும் அரணைக்கான சிங்களச் சொல். லத்தீனுக்குள் கிராமத்துச் சொல் நுழைந்தது.

இந்தப் பாம்பரணைகள், நெசியா என்ற பேரினம், அடையாளம் காணுகிற கலைக்கு நல்ல பாடம். இவையும் இலங்கைக்கு மட்டுமே உரியவை. மண்ணுக்குள் நெளிந்து வாழ்ந்து வாழ்ந்து இவற்றின் கால்கள் தேய்ந்துபோயின. சிலவற்றுக்கு நாலு சின்னக் கால், சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. மொனோடக்டிலா எண்டால் ஒருவிரலி, டிடக்டிலா எண்டால் இருவிரலி, பைபெஸ் எண்டால் இருகாலி. பெயரே அடையாளம். பாம்புக் குட்டி எண்டு நினைத்து மண்வெட்டியால் அடித்துக் கொல்லுகிற பலது இவைதான்.

வீட்டுப் பல்லியும் ஒரு இனம் இல்லை. அடுத்த முறை சுவரைப் பார்க்கும்போது முதுகைக் கவனியுங்கோ. முதுகு வழுவழுப்பாக, வாலில் மட்டும் வளையம் வளையமாகச் சின்ன முள் இருந்தால், 'சக் சக்' எண்டு சத்தம் போடுகிறதும் அதுதான் எண்டால், அது ஹெமிடக்டைலஸ் பிரெனேட்டஸ். முதுகு முழுக்கப் புள்ளியும் சொரசொரப்பான பருக்களும் இருந்தால் பார்விமாகுலேட்டஸ். உடம்பு தட்டையாக, தோல் மெல்லிசாக, பிடித்தால் தோலே கிழிந்து கையோடு வந்தால் அது கெஹைரா மியூட்டிலேட்டா. 'மியூட்டிலேட்டா' எண்டாலே சிதைந்தது என்றுதான் அர்த்தம். தயவுசெய்து பிடித்துச் சோதிக்க வேண்டாம். கண்மணியையும் பாருங்கோ. இந்த மூன்றுக்கும் பூனை மாதிரிச் செங்குத்துக் கீறல். பாறையிலும் மரத்திலும் பகலில் திரிகிற நெமாஸ்பிஸுக்கு வட்டக் கண்மணி.

பார்விமாகுலேட்டஸுக்கு 1953இல் பெயர் வைத்தவரும் தெரணியகலதான். ஆனால் அவர் அதை வேறொரு இனத்தின் துணையினம் என்றுதான் எழுதினார். அதைத் தனி இனமாக உயர்த்தியது 2010இல். எங்கட குசினிச் சுவரில் இருந்த பல்லிக்குத் தனி அடையாளம் கிடைக்க 57 வருடம்.

ஒரு பெயருக்குக் கீழே மறைந்தவை

1990களுக்குப் பிறகு இலங்கை ஆராய்ச்சியாளர்கள் பழைய பெயர்களைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்கள். 1998இல் ரொஹான் பெத்தியகொடவும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் சிங்கராஜவின் கிழக்கில் உள்ள மோர்னிங்சைட் காட்டிலிருந்து இரண்டு புதிய கொம்பு ஓணான்களை விவரித்தார்கள். கொம்பு ஓணான் எண்டு பெயர், ஆனால் கொம்பு இருக்கிறதோ இல்லையோ என்ற அளவுக்குச் சின்னது. 2005இல் உலர்வலயத்துக் கங்காரு ஓணான் தனி இனமானது. ஆணின் கழுத்து மடிப்பில் இருக்கிற கறுப்புப் புள்ளிதான் அடையாளம், பெயரும் நைக்ரிஸ்டிக்மா, கரும்புள்ளி. 2006இல் நக்கிள்ஸில் வாழுகிற குள்ள ஓணானுக்குத் தும்பறையின் பெயர் கிடைத்தது. 2007இல் கெலார்டின் பகற்பல்லிப் பேரினம் திருத்தி எழுதப்பட்டுப் பல இனங்களாக உடைந்தது. அது இன்னும் உடைந்துகொண்டே இருக்கிறது.

2002இல் வந்த ஒரு மரபணு ஆய்வு இன்னொரு விசயத்தைக் காட்டியது. கொம்பு ஓணான்களின் கொம்பு ஒரே முறை தோன்றி எல்லாவற்றுக்கும் பரம்பரையாகப் போனது இல்லை, ஒரு தடவைக்கு மேல் தனித்தனியே தோன்றியிருக்கிறது. அதாவது எந்த அடையாளத்தை வைத்து இவை ஒரே கூட்டம் எண்டு முதலில் கண்டுபிடித்தோமோ, அந்த அடையாளமே உறவுக்குச் சாட்சி இல்லை. வரலாறு படிக்கிறவர்களுக்கு இது புதிசில்லை. ஒரே மாதிரி உடுப்புப் போட்டவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் எண்டு யார் சொன்னது?

எங்களுக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் விசிறித் தொண்டை ஓணான், சிட்டானா. உலர்வலயக் கரையோர மணலில் பின்னங்காலில் எழும்பி ஓடுகிற சின்ன ஓணான். மற்ற ஓணான்களின் பின்னங்காலில் ஐந்து விரல் இருக்க இதற்கு நாலுதான். 1829இல் பாரிஸில் கூவியே இதற்கு வைத்த பெயர் பொண்டிசெரியானா. பாண்டிச்சேரி அன்று பிரான்சின் கையில் இருந்தது, மாதிரி அங்கிருந்து போனது, பெயரும் அப்படியே. அதற்குப் பிறகு இலங்கை மணலில் ஓடியதையும் அதே பெயரால்தான் அழைத்தார்கள். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான் எண்டு யாரும் சந்தேகப்படவில்லை. 2015இல் சந்தேகப்பட்டுச் செதிலை எண்ணிப் பார்த்தபோது, இலங்கையில் இருப்பது பாண்டிச்சேரி இனம் இல்லை, இங்கேயே இரண்டு தனி இனங்கள் எண்டு தெரிய வந்தது. உறவு உண்டு, ஆனால் ஒன்று இல்லை. இந்த வசனத்தைப் பல்லியைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறோம். மற்றதை வாசிக்கிறவர்கள் யோசிக்கட்டும்.

ஏன் இவ்வளவு தாமதம்? பழைய பெயர் ஒன்று இருக்கிற இடத்தில் புதிசாகப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை என்பது ஒரு காரணம். வடக்கு கிழக்கைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. 1983க்கும் 2009க்கும் இடையில் எங்கட காடுகளில் டோர்ச்சும் நோட்டுப் புத்தகமும் கொண்டு இரவில் திரிந்து பல்லி தேட யாரால் முடிந்தது? திரிந்தவர்கள் வேறு காரணத்துக்குத் திரிந்தார்கள். கண்ணிவெடி கிடந்த நிலத்தில் பல்லி இருந்திருக்கும், எண்ண ஆள் இல்லை.

பெயர் இல்லாட்டி என்ன நட்டம்?

பெயரும் அடையாளமும் புத்தகச் சண்டை மட்டுமே எண்டு நினைக்கிறவர்களுக்கு 2019ஐச் சொல்ல வேண்டும்.

இலங்கையின் கொம்பு ஓணானும் குமிழ்மூக்கு ஓணானும் ஐரோப்பாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கிற ஆட்களுக்கு விருப்பமானவை. இலங்கைச் சட்டம் அனுமதியில்லாமல் இவற்றை வெளியே கொண்டுபோக விடாது. ஆனால் களவாக வெளியே போய்விட்டால்? வேறொரு நாட்டின் சுங்க அதிகாரிக்கு இலங்கைச் சட்டம் அவருடைய சட்டம் இல்லை. சர்வதேசப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அவர் பெட்டியைத் திறந்து கேள்வி கேட்க முடியும்.

அந்தப் பட்டியல் அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கையினுடையது. அதன் 18ஆவது மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடக்க இருந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள். மாநாடு தள்ளிப்போய் ஓகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. கொழும்பில் நடக்க வேண்டிய விவாதம் அங்கே நடந்தது, இலங்கையின் ஓணான்கள் பட்டியலில் சேர்ந்தன. டென்னன்டியும் 1998இல் விவரிக்கப்பட்ட இரண்டு கொம்பு ஓணான்களும், இரண்டு குள்ள ஓணான்களும், கருங்கன்ன ஓணானும் அதன் நக்கிள்ஸ் உறவான பெத்தியகொடாயும் முதலாம் பின்னிணைப்பில். வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவது தடை. ஸ்டொடார்டியும் அஸ்பெராவும் குமிழ்மூக்கனும் இரண்டாம் பின்னிணைப்பில். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நகர முடியாது.

இப்ப அடையாளம் என்பது ஒரு விமான நிலையத்து மேசையில் நடக்கிற வேலை. பெட்டிக்குள் இருப்பது முதலாம் பின்னிணைப்பா, இரண்டாம் பின்னிணைப்பா? கொம்பு இலை மாதிரியா, கூர்மையா, செதில் மூடியதா? 1861இல் குந்தர் லண்டனில் சாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதே பார்வையை இன்று ஒரு சுங்க உத்தியோகத்தர் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வருடமே, 2020இல், இன்னொரு கொம்பு ஓணான் விவரிக்கப்பட்டது: செரட்டோபோரா உக்குவெலாய், இலங்கை ஆய்வாளர் ஒருவரின் பெயரால். அதுவரை அதையும் அஸ்பெரா என்றுதான் எண்ணியிருந்தார்கள். 2019 பட்டியலில் அதற்குத் தனிப் பெயர் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. பெயர் இல்லாத ஒன்றைப் பட்டியலில் சேர்க்க முடியாது. எத்தனை மிச்சம் இருக்கிறது என்ற கணக்கும் அதற்குக் கிடையாது. ஒரு பொதுப் பெயருக்குக் கீழே அது குறைந்துகொண்டு போனாலும், மொத்தத் தொகை பெரிசாக இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தமிழில் என்ன மிச்சம்?

இந்தக் கட்டுரையை எழுதும்போது எங்களுக்குப் பெரிய கஷ்டம் சொற்கள்தான். கொம்பு ஓணான், குமிழ்மூக்கன், குள்ள ஓணான், பாம்பரணை என்பதெல்லாம் எழுதுகிற வசதிக்காக நாங்கள் பாவித்தவை. மலையகத் தோட்டங்களில் இவற்றோடு ஆறேழு தலைமுறையாக வாழுகிற தமிழர்களிடம் இவற்றுக்குச் சொல் இருக்கும். கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நகருகிற குள்ள ஓணானை அவர்கள் பார்க்காமலா இருப்பார்கள்? அது முட்டையிடாமல் குட்டி போடுகிற ஓணான். அதைக் கண்டவர்கள் அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்கள். முல்லைத்தீவில் உடும்பு பிடித்தவருக்கும், மட்டக்களப்பில் சேனை வெட்டியவருக்கும், மன்னாரில் ஆடு மேய்த்தவருக்கும் அவரவர் சொல் இருக்கும். நொக்ஸ் கண்டிக் கிராமத்தில் கேட்டு எழுதினதால் இரண்டு சிங்களச் சொல் 1681இலேயே அச்சேறியது. எங்கட சொல்லை ஒருவரும் கேட்டு எழுதவில்லை.

இதற்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை. வீட்டில் வயதான ஆட்களிடம் கேளுங்கோ. ஒரு படத்தைக் காட்டி, உங்கட ஊரில் இதை என்னெண்டு சொல்லுறது, எங்க கண்டனீங்கள், எந்த மாதத்தில் கண்டனீங்கள் எண்டு கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே, ஊரின் பெயரோடு, திகதியோடு எழுதி வையுங்கோ. பிராணியைக் கண்டால் பிடிக்க வேண்டாம், கல்லெடுக்கவும் வேண்டாம். கைபேசியில் நாலு படம் எடுங்கோ: காதுப்பக்கம், மூக்கு, பின்னங்கால் விரல், முதுகு. நிறத்தைக் கடைசியாகப் பாருங்கோ.